ஜெகபர் அலியின் குஸ்திக் கணக்கு

அறந்தாங்கியில் எந்தப் பயில்வான் எப்போது மல்லாந்து விழுவான் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவர் ஜெகபர் அலி ஒருவர்தான். இதை அவரே சொல்லுவார். அவருடைய வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டக் காத்திருப்பவர்கள் வேறு வழியில்லாமல் தலையாட்டுவார்கள். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். குஸ்தியில் அவர் கணக்கு தப்பியதே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திடலில் குஸ்தி, டிக்கெட் நாலணா. திருவரங்குளம் மதுரைவீரனும் கட்டுமாவடி பிச்சைமுத்துவும் மோதுவதாகச் சுவரெல்லாம் நோட்டீஸ். ஜெகபர் அலி சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து மனைவி பரக்கத் நிஷாவுக்கு விளக்கினார்.

“பிச்சைமுத்துவ ரத்தினவேல் மல்லாத்தினான். அந்த ரத்தினவேல மதுரைவீரன் மல்லாத்தினான். அப்ப வெள்ளிக்கிழமை யாரு ஜெயிப்பா?”

“உங்கள உங்க அத்தா ஜெயிச்சாக. அவுகள உங்க உம்மா ஜெயிச்சாக. உங்க உம்மாவ நான் ஜெயிச்சிருக்கேன்,” என்றபடி மீன் துண்டை அவர் தட்டில் வைத்தாள் நிஷா. “அப்ப நீங்க எங்கிட்டு நிக்கிறீங்க மச்சான்?”

அவர் கண்ணெல்லாம் மீன் முள்ளில் இருந்தது. காலையில் மீன்காரி காத்தாயியின் கூடையில் அவர் முதலில் எடுத்தது நல்ல மீன்தான். கடைசி நேரத்தில் அதைப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். அது முழுக்க முள்.

நிஷாவுக்கு வேறு கவலை. கட்டுமாவடியில் தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். உம்மா இல்லாத வீடு. குழந்தைக்கு நாற்பது நாள் கழியும்வரை கூட இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “சோறு யாரு ஆக்குறது?” என்ற ஒற்றைப் பிடியில் அவளை மடக்கிவைத்திருந்தார் அவர்.

“எங்க ஊரு பிச்சைமுத்துதான் ஜெயிப்பான்,” என்றாள் இப்போது. “என் ஆளு ஜெயிச்சா என்னைய ஊருக்கு அனுப்பிடணும். உங்க ஆளு ஜெயிச்சா இனிமே வாயத் தொறக்க மாட்டேன்.”

“பந்தயம் ஹராம் புள்ள.”

“இது பந்தயமில்ல, ஒப்பந்தம்.”

ஜெகபர் அலி சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

மறுநாளிலிருந்து நிஷா பாத்திரம் தேய்க்கும்போது பாட ஆரம்பித்தாள். கட்டுமாவடியிலிருந்து கூடையோடு வரும் காத்தாயியிடம் வாசலில் குசுகுசுவென்று பேசிச் சிரித்தாள். இவர் தலை தெரிந்ததும் இருவரும் மீன் விலைக்குத் தாவினார்கள். அவர் யோசிக்க ஆரம்பித்தார். பிச்சைமுத்துவைக் கரையில் தினமும் பார்க்கிறவள் காத்தாயி. பயல் புதுப் பிடி ஏதும் பழகியிருக்கிறானோ? நிஷா பெட்டியில் சேலை அடுக்குவதைப் பார்த்ததும், பிச்சைமுத்துதான் ஜெயிப்பான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர், தொப்பியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

“நிஷா, பிச்சைமுத்து எனக்கு. மதுரைவீரன நீ எடுத்துக்க.”

“என்ன மச்சான், எங்க ஊரு ஆளயே பறிக்கிறீங்க?”

“ஏன், பயமா இருக்கா?”

அவள் முகம் தொங்கிப்போயிற்று. “சரி, உங்க இஷ்டம். மறுபடி மாத்தக் கூடாது.”

அந்த வாடிய முகத்தை நினைத்து நினைத்து மகிழ்ந்தபடியே திடலுக்குப் போனார்.

அங்கே மதுரைவீரன் ஒரே ஒரு கிடுக்கிப்பிடி போட்டான். பிச்சைமுத்து மல்லாந்து, வானத்தில் எதையோ தேடுகிறவன் போலக் கிடந்தான். “அண்ணே, நீங்க சொன்னது அப்படியே பலிச்சிருச்சே,” என்று பக்கத்திலிருந்தவர்கள் ஜெகபர் அலியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தன் கணக்கு சரியாக வந்ததற்காக இவ்வளவு நொந்துபோன மனிதர் அந்தத் திடலில் வேறு யாரும் இல்லை.

வீட்டில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

“மதுரைவீரன் ஜெயிப்பான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதானே சொன்னீங்க. குஸ்தியில உங்க கணக்கு என்னைக்குத் தப்பிச்சு?”

“அப்ப ஏன் பிச்சைமுத்து பேரச் சொன்ன?”

“நீங்க மாத்துவீங்கன்னுதான். நானும் பழைய ஆட்டத்தப் பார்த்துத்தான் கணக்குப் போட்டேன் மச்சான். பெருநாளுக்குச் சேலை எடுக்கப் போயி, எடுத்த நல்ல சேலையக் கடைசியில மாத்தினீங்க. வந்த பஸ்ஸ விட்டுட்டு வராத பஸ்ஸுக்கு நின்னீங்க. அன்னைக்கு மீனு.”

ஜெகபர் அலிக்குக் கோபம் வரவில்லை. இப்படியொரு பிடியை எந்தக் கோதாவிலும் அவர் கண்டதில்லை. குஸ்தி சொல்லிக்கொடுத்த உஸ்தாதைப் பார்க்கும் பயில்வானாக அவளைப் பார்த்தார்.

“அது சரி, காத்தாயிகிட்ட என்னதான் பேசின?”

“நாப்பது நாளும் முள்ளில்லாத மீனாப் பார்த்து அவளே எடுத்துக் குடுக்கச் சொன்னேன்,” என்றாள் நிஷா. “உங்கள மட்டும் எடுக்க விட்டுராதன்னேன்.”