பிழையே வராத கம்பி

பொய் சொல்லாத ஊழியர் என்று உலகத்தில் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் குடிநீர் அலுவலகத்துக் கம்பிதான். மலைமேல் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்பதை ஒன்றும் பூஜ்யமுமாக மாற்றி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் விட்டு, ஊர் தாண்டி அலுவலகத் திரையில் கொண்டுவந்து சேர்க்கும் 'மகத்தான' கம்பி. நாங்களும் குழாயடியில் வரிசையில்தான் நிற்கிறோம். நாங்கள் மட்டும் எங்கும் போய்ச் சேருவதில்லை.

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எதிர்வீட்டுச் சலவைக்கார அக்கா காலி வாளியோடு அந்த அலுவலகத்துக்குக் கிளம்பினாள். துணைக்குப் போனேன், அவ்வளவுதான். தண்ணீர் வந்து ஒரு வாரமாகிறது. கடையில் அழுக்குத் துணி கூரையைத் தொடுகிறது. இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் வாடிக்கை மொத்தமும் பக்கத்துத் தெரு மெஷின் கடைக்குப் போய்விடும்.

பொறியாளர் பெருமையோடு திரையைக் காட்டினார்.

"தொட்டி நிறைஞ்சிருக்கும்மா. நூறு சதவீதம்."

"குழாயத் தொறந்தா காத்துதான் சார் வருது."

"காத்து எங்க துறை இல்லம்மா."

"இந்த நம்பர் மாறவே மாறாதா சார்?" என்றேன், சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

"அதான் சாதனையே! மத்த இடத்துல தூரம் போகப்போக சிக்னல் தேஞ்சு குப்பையா வரும். நாங்க, புதுசு வரலைன்னா பழசையே காட்டுன்னு சொல்லி வச்சிட்டோம். திறப்பு விழா அன்னிக்கு வந்த நம்பர், இன்னிவரைக்கும் ஒரு பிழை கிடையாது. நாளைக்கு எனக்கு விருது!"

அக்கா ஜன்னல் வழியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அந்தத் திறப்பு விழா பேனரக் கட்டியிருக்கறது உங்க கம்பிதானே? கம்பத்துலேர்ந்து அறுத்துக் கட்டியிருக்காங்க, மிச்சம் தொங்குது பாருங்க."

பொறியாளர் எட்டிப் பார்த்தார். ஜன்னலைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுங்கம்மா. இப்ப ஒட்டுப் போட்டா தொட்டி காலின்னு காட்டிடும். விருது என்னாகறது?"

"அதுவும் சரிதான். விருதுக்கு எந்தச் சட்டை சார் போடறீங்க?" என்றாள் அக்கா.

"அந்த வெள்ளை..."

"அது என் கடையிலதான் கெடக்கு. காலர் அழுக்கோட."

நாங்கள் வீடு திரும்புவதற்குள் அக்கா கடை வாசலில் தண்ணீர் லாரி நின்றது. லாரி வந்தால் தெரு சும்மா விடுமா? வாளிகள் பறந்தன.

மறுநாள் மேடையில் சட்டை பளபளத்தது. "பொய்யே சொல்லாத கம்பி!" என்று முழங்கினார். நானும் கைதட்டினேன். சத்தியமான வார்த்தை. அறுத்த நாளிலிருந்து கம்பி வாயே திறக்கவில்லை. அதற்கப்புறம் பேசியதெல்லாம் அவர்தானே!