கட்டியைச் சுருக்கிய கஞ்சன்

மதுரை ஜில்லாவில் எங்கள் கஞ்சன் அண்ணனைப் போல ஒரு கஞ்சன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். டீக்கடையில் அல்ல, அங்கே ஆபீசுக்கே வடை வாங்கித் தருவார். மூளைக்கட்டிக்குச் சிவப்பு அடிப்பதில்தான் மனுசன் கஞ்சன்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடிதான் எங்கள் ஆபீஸ். எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளிலிருந்து மூளை ஸ்கேன் படங்கள் பெயர் நீக்கி வரும். கட்டி எதுவரை பரவியிருக்கிறதோ அதுவரை மவுசால் சிவப்பு அடிக்க வேண்டும். அப்படி அடித்த ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து, கட்டியைத் தானே கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். பெத்த பெரிய டெக்னாலஜி. கீழே லேத் ஓடினால் மேலே மவுஸ் ஆடும்.

"அண்ணே, கட்டி எம்புட்டுப் பெரிசு! நீங்க புளியங்கொட்டையாட்டம் அடிச்சு வச்சிருக்கீக?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போதும் மாப்ள. இந்தாளுக்குப் புள்ளகுட்டி இருக்கும்."

"சிவப்பு அடிச்சா கட்டி வளந்துருமாண்ணே?"

"வளராதுதான். நம்ம கையால எதுக்குப் பெரிசாக்கணும்?"

பக்கத்து சீட் செல்வியோடு அண்ணனுக்குத் தினமும் சண்டை.

"அது பேச்சு வர்ற எடம் தாயி. அதுல போயி மெழுகி வச்சிருக்க?"

"நானா மெழுகுனேன்? அதுவே பரவிக் கெடக்குண்ணே!"

"செத்த உள்ள தள்ளி அடி. அந்தாளு நாலு வார்த்தை பேசட்டும்."

இதை யாராவது கண்டுபிடித்தார்களா? சிறியதாக அடித்தால் சீக்கிரம் முடியும். சீக்கிரம் முடிப்பவருக்குத்தான் எங்கள் மேனேஜர் பரிசுக் கப் கொடுப்பார். சரிபார்க்க வேண்டிய டாக்டரோ படத்தைத் திறக்காமலே 'ஓகே' போடுவார். கஞ்சன் அண்ணன் மேசையில் கப் வைக்க இடமில்லாமல் போனது.

கடைசியில் கம்ப்யூட்டரைச் சோதித்துப் பார்த்தார்கள். அதுவும் கஞ்சனாகியிருந்தது. எலுமிச்சை அளவு கட்டியைப் பட்டாணி என்றது. வேலை கொடுத்த கம்பெனிக்காரன் போனில் கத்தினான். மேனேஜர் யார் அடித்த படங்கள் என்று தோண்டிப் பார்த்து, அன்றைக்கே அண்ணனை வெளியே அனுப்பினார். கொடுத்த கப்புகளையும் பிடுங்கிக்கொண்டார். ஓகே போட்ட டாக்டரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கும் ஆத்திரம்தான். மாடிப்படியில் அண்ணனை மறித்துக்கொண்டேன்.

"இந்தக் கம்ப்யூட்டர நம்பி ஆப்பரேசன் பண்ணுனா, பாதிக் கட்டிய உள்ளயே விட்டுத் தச்சுருவாங்கண்ணே! இரக்கப்பட்டே ஆளக் கொன்னுருப்பீக!"

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வெறும் படத்துலயாச்சும் சின்னதா இருக்கட்டுமேன்னு நெனச்சேன் மாப்ள. அம்புட்டையும் நானே சரிபண்ணிக் குடுத்துட்டுப் போறேன். சம்பளம் வேணாம். கேட்டுச் சொல்லு."

கேட்டேன். மேனேஜர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

அண்ணனுடைய படங்கள் அத்தனையும் என் தலையில் விழுந்தன. பழைய சிவப்பை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக அடிக்கச் சொல்லி உத்தரவு. நான் அழிக்கவில்லை. அவர் அடித்த துளிச் சிவப்பை அப்படியே நடுவில் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி, கட்டி போகிற தூரம் வரை அடித்து முடித்தேன்.