பாய்மரப் படகின் கழிப்பறையை நான் பழுதுபார்த்த கதை

'தெரியாது' என்று சொல்ல எனக்கு வராது. சிலருக்கு 'ழ' வராது இல்லையா, அது மாதிரி. ஒருமுறை ஓர் உறவுக்காரர் கல்யாணத்தில் சமையல்கட்டுப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். யாரோ என்னைச் சமையல் மேஸ்திரி என்று நினைத்து, "சாம்பாருக்கு உப்பு போதுமாண்ணே?" என்று கேட்டார். அண்டாவை எட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு கை போடுங்க" என்று சொல்லிவிட்டேன். (பந்தியில் உட்காராமல் பின்வாசல் வழியாகக் கிளம்பியது தனிக் கதை.)

இந்தக் குறையால் நான் பட்ட அவமானங்களை வரிசைப்படுத்தினால், முதல் இடம் ஒரு பாய்மரப் படகின் கழிப்பறைக்குத்தான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மேனாம்பேட்டில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மற்றவர்கள் உருவாக்கும் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதுவேன். 'இந்தப் பொத்தானை அழுத்தவும். பிறகு அந்தப் பொத்தானை அழுத்தவும்.' நாள் முழுக்க இதுதான். உலகத்தில் யாரும் படிக்காத ஒன்றை இவ்வளவு கவனமாக எழுதுகிறோமே என்று எனக்கு ஒரு தியாகியின் கர்வமே உண்டு.

எங்கள் துறைத் தலைவி மேனகா மேடம், துறைமுகத்துப் பக்கம் நிறுத்தியிருந்த ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கல்லூரிக் காலத்தில் சின்னச் சின்னத் திறந்த படகுகளை ஓட்டியவர். உள்ளே அறை, கட்டில், கழிப்பறை எல்லாம் வைத்த படகு அவருக்கு இதுதான் முதல். ஒரு திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், வரும் ஞாயிற்றுக்கிழமை குழுவில் எல்லோரையும் குடும்பத்தோடு கடலுக்கு அழைத்துப்போவதாக அறிவித்தார். உடனே பெருமூச்சும் விட்டார்.

"ஒரே பிரச்சினை, உள்ள இருக்கற டாய்லெட் வாங்கின நாள்லேர்ந்து வேலை செய்யல. நாலு மணி நேரம் கடல்ல இருக்கணும். என்ன பண்றது?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "பிரபு, நீங்க தூத்துக்குடிதானே? படகெல்லாம் உங்களுக்குப் பழக்கமா இருக்குமே?"

மாவட்டம் தூத்துக்குடிதான். ஆனால் எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஒன்றரை மணி நேர பஸ் பயணம். கடலிலிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்தது உப்பும் கருவாடும் மட்டுமே. இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கையேட்டுக் குழுவுக்குத் தலைவர் பதவி அப்போது காலியாக இருந்தது.

"கழட்டிக் கொடுங்க மேடம். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மறுநாளே அது அலுவலகத்துக்கு வந்துவிட்டது. வெள்ளைப் பீங்கானில் ஒரு சின்னக் கோப்பை, பக்கத்தில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு போல ஒரு கைப்பம்பு, அதன் தலையில் ஒரு லிவர். ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மண்ணூர்பேட்டை சிக்னலில் பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, புது ஊடா?"

"இல்லக்கா. படகுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், "பாக்க நல்லாத்தான் கீறாரு, பாவம்" என்றார்.

வீட்டில் என் மனைவி எஸ்தர் கதவைத் திறந்தாள். கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுலதான் ஒண்ணு இருக்கே. இத எதுக்குக் கொண்டாந்தீக?"

நான் விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "உள்ள வரக்கூடாது. பால்கனிதான்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பதவி ஆசையில் ஆரம்பித்த வேலைதான். ஆனால் இரண்டு கிருமிநாசினிப் பாட்டில்களைக் காலி செய்து, ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பித்ததும் எனக்குப் பதவி மறந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் மேலிருந்து கீழே விழுகிறது, போகிறது. அதில் என்ன அதிசயம்? ஆனால் படகில் கோப்பை இருப்பதே கடல்மட்டத்துக்குக் கீழே. உள்ளே இருப்பதை அங்கிருந்து வெளியே தள்ள வேண்டும், வெளியே இருக்கும் கடல் உள்ளே வரவும் கூடாது. இதை ஒரு கைப்பம்பும் நாலு ரப்பர் துண்டும் செய்கின்றன! அதில் ஒன்று வாத்தின் அலகு போலவே இருந்தது. ஒரு பக்கம் ஊதினால் வாயைத் திறந்தது, மறுபக்கம் ஊதினால் இறுக்கமாக மூடிக்கொண்டது. (ஆமாம், ஊதினேன். கழுவிய பிறகுதான்.) சாப்பிடக் கூப்பிட வந்த எஸ்தர், நான் அந்த ரப்பரோடு பேசிக்கொண்டிருந்ததாக இன்றும் சொல்கிறாள்.

பழுது என்னவென்று தெரிந்துவிட்டது. குழாய்க்குள் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகக் கட்டி அடைத்திருந்தது, ரப்பர்கள் விறைத்துப் போயிருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு மண்ணூர்பேட்டையில் பம்பு ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் ஸ்டெல்லா அக்காவிடம் போனேன். அக்காவுக்கு என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். சுற்றுவட்டாரத்து மோட்டார் எதுவும் அவர் கைக்குத் தப்பியதில்லை.

"இது இன்னா பம்பு? நான் பாத்ததே இல்லியே" என்று விளக்கு வெளிச்சத்தில் ரப்பரைத் தூக்கிப் பிடித்தார். நான் சொன்னதும் கையிலிருந்ததைச் சட்டென்று மேசையில் வைத்தார். ஒரு நொடிதான். மறுபடி எடுத்துக்கொண்டார். "எவன் யோசிச்சானோ, மூளக்காரன். தண்ணிக்குக் கீழயா வப்பாங்க இத? அப்ப இந்த லிவருதான் உனுக்கு வாசக்கதவு. தொறந்தே வுட்டுட்டா கடலு அதும்பாட்டுக்கு உள்ள வந்துகினே இருக்கும். எந்தப் பக்கம் மூடுதுன்னு நல்லா பாத்து வச்சுக்கோ."

"அதெல்லாம் தெரியும்க்கா" என்றேன். (வேறென்ன சொல்வேன்?)

இரண்டு நாளில் புது ரப்பர்களை வெட்டிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பால்கனியில் சோதனை. ஒரு வாளி தண்ணீர் கடல், இன்னொரு காலி வாளியும் கடல். நடுவில் கோப்பை. நான் அதற்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பம்பை அடித்தேன். ஒரு வாளியிலிருந்து தண்ணீர் ஏறி வந்து, கோப்பையைச் சுற்றி அலசி, அடுத்த வாளிக்குப் போனது. நான் கத்திய கத்தலில் எஸ்தர் ஓடி வந்தாள்.

"எங்க, நகருங்க. நான் ஒரு தடவ அடிக்கேன்" என்றாள். ஒரு தடவை இருபது தடவை ஆனது. இருவரும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் நான் கையேடு எழுதுபவன். கடலில் மற்றவர்கள் இதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்ற கவலை வந்துவிட்டது. கோப்பைக்கு எதிரே அப்படியே உட்கார்ந்து, லிவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூன்று வரி எழுதினேன்:

'லிவரை வலது பக்கம் திருப்பவும். பத்து முறை அடிக்கவும். முடிந்ததும் லிவரை இடது பக்கம் திருப்பவும் (மிக முக்கியம்!).'

மறுநாள் அதை லேமினேட் செய்தேன். படகைப் பார்த்துக்கொள்பவர் சனிக்கிழமையே கோப்பையைப் பொருத்தியிருந்தார். ஞாயிறு காலை நானே அந்தக் குட்டி அறைக்குள் தலையை மட்டும் நுழைத்து, லிவர் எனக்கு இடது பக்கம் இருப்பதைச் சரிபார்த்து, என் மூன்று வரிகளைச் சுவரில் ஒட்டினேன். மேனகா மேடம் படித்துப் பார்த்து, "தெளிவா இருக்கு பிரபு" என்றார். பதவி என் பெயருக்கு எழுதப்படும் சத்தமே கேட்டது.

கடல் அன்று அமைதியாக இருந்தது. எட்டுப் பேர் போயிருந்தோம். பாயை விரித்ததும் படகு வாத்து மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. எஸ்தர் முன்னால் உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டாள். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த கோகுல் சங்கோஜத்தோடு என்னிடம் வந்து, "சார், அது... போலாமா?" என்று கேட்டான். "தாராளமா! போர்டு இருக்கு பாரு" என்று பெருந்தன்மையோடு அனுப்பினேன். திரும்பி வந்தவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

ஒரு மணி நேரம் கழித்து மேடம் சுக்கானைப் பிடித்தபடி, "படகு ஏன் இவ்ளோ சோம்பலா போகுது?" என்றார்.

"காத்து கம்மி மேடம்" என்றேன். (காற்று என் தொப்பியை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது.)

எலுமிச்சைச் சாதம் எடுத்துவர எஸ்தர் உள்ளே இறங்கினாள். கீழிருந்து அவள் குரல் நிதானமாக வந்தது. "ஏங்க. என் செருப்பு மிதக்குது."

எட்டிப் பார்த்தேன். உள்ளே கணுக்காலுக்கு மேல் தண்ணீர். செருப்பு, சாப்பாட்டுப் பை, யாருடைய பெயரோ எழுதிய தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. தண்ணீரை வெளியேற்ற வேண்டிய சின்ன மோட்டாரின் வாயில் மிக்சர் உறை போய் அடைத்திருந்தது. மேடத்தின் முகம் வெளுத்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஆனால் குரல் நடுங்கவில்லை. "எல்லாரும் லைஃப் ஜாக்கெட்ட இறுக்கிக் கட்டுங்க. டப்பாவோ தட்டோ, கைல கிடைச்சத எடுத்து இறைங்க. பிரபு, தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க!"

தேட வேண்டியிருக்கவில்லை. கழிப்பறைக் கதவைத் திறந்தேன். கோப்பை நிரம்பி, குற்றாலத்துச் சின்ன அருவி போல நாலு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், முதல் நொடியில் எனக்கு வந்தது பயம் இல்லை. 'அட, யாரும் அடிக்காமலே வருகிறதே' என்ற ஆச்சரியம்தான். அடுத்த நொடி லிவரைப் பார்த்தேன். வலது பக்கம் இருந்தது. குனிந்து இடது பக்கம் தள்ளினேன். அருவி நின்றது.

கையில் எலுமிச்சைச் சாத டப்பாவோடு எட்டுப் பேரும் முக்கால் மணி நேரம் கடலைக் கடலுக்கே திருப்பி அனுப்பினோம். ஆபத்து நீங்கியதும் நான் நிமிர்ந்து நின்று, வேண்டாத ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்.

"எவ்ளோ தெளிவா எழுதி ஒட்டியிருந்தேன். யாரோ படிக்கல மேடம்."

கோகுல் கண் கலங்கிவிட்டான். "நான் மூணு தடவ படிச்சேன் சார். வலது பக்கம் திருப்பி அடிச்சேன், தண்ணி வரல. இடது பக்கம் திருப்பினப்புறம்தான் நல்லா வந்துச்சு. முடிஞ்சதும் இடதுன்னு போட்டிருந்துச்சு, அது ஏற்கெனவே இடதுலதான இருக்குன்னு அப்படியே விட்டுட்டு வெளிய வந்துட்டேன்."

மேடம் சொட்டச் சொட்டக் கழிப்பறைக்குள் போனார். நின்று திரும்பக்கூட இடமில்லாத அறை அது. உள்ளே போகிறவர் பின்பக்கமாக நுழைந்து உட்கார்ந்தபடியேதான் எதையும் செய்ய முடியும். அவர் மூடியை மூடி அதன்மேல் உட்கார்ந்தார். போர்டைப் படித்தார். இடது கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு லிவரைப் பார்த்தார்.

"பிரபு, இத எழுதும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"பால்கனில மேடம்."

"இதுமேல உக்காந்து எழுதினீங்களா?"

"இல்ல மேடம்... எதுத்தாப்புல."

முதலில் சிரித்தது எஸ்தர். சேலை முழங்கால் வரை நனைந்து, கையில் காலி டப்பாவோடு, அவள் சிரித்த சிரிப்பில் மேடமும் சிரித்துவிட்டார். கோகுல் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தோளைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக, "எனக்குப் படகப் பத்தி ஒண்ணுமே தெரியாது மேடம்" என்று சொன்னேன். உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னதாலோ என்னவோ, சுலபமாக வந்தது.

"அது உங்க செருப்பு மிதக்கறப்பவே தெரிஞ்சுது" என்றார் மேடம். மிதந்தது என் மனைவியின் செருப்பு என்று திருத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

பதவி வேறொருவருக்குப் போனது. நியாயம்தான். எங்கள் துறையில் எழுதும் எந்தக் கையேட்டையும், எழுதியவர் பக்கத்தில் வாய்மூடி உட்கார்ந்திருக்க, எதுவும் தெரியாத இன்னொருவர் வரிக்கு வரி செய்துபார்த்த பிறகே வெளியிட வேண்டும் என்ற விதி மட்டும் அந்த வாரமே வந்தது. இன்றைக்கும் இருக்கிறது. என் கையேடுகளுக்குச் சோதனையாளர், அவனே கேட்டு வாங்கிக்கொண்டபடி, கோகுல்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். காட்டுப்பாக்கத்தில் இருக்கும் என் மாமனார் காரில் நான் வழி சொன்னால் போதும். "லெஃப்ட்ல திரும்புங்க மாமா" என்றதும், வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "உக்காந்த லெஃப்டா, நின்ன லெஃப்டா மாப்ள?" என்று கேட்பார். பின்சீட்டில் எல்லோரும் இதற்காகவே காத்திருப்பார்கள்.

போன மாதம், முதல் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளின் டைரியில் ஆசிரியை ஒரு குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார். வகுப்பில் எல்லோரையும் இடது கையைத் தூக்கச் சொன்னாராம். இவள் மட்டும் தூக்காமல், "மிஸ், நீங்க பாக்கறப்ப இடதா, நான் பாக்கறப்ப இடதா?" என்று கேட்டிருக்கிறாள். 'கேள்விக்கு எதிர்க்கேள்வி கேட்கிறாள். பெற்றோர் கவனிக்கவும்.'

எஸ்தர் டைரியையும் பேனாவையும் என் முன்னால் வைத்தாள். "இதுல நீங்கதான் கையெழுத்துப் போடணும்" என்றாள்.

போட்டேன்.