குன்னூர்க் கோயிலின் எக்ஸ்பிரஸ் டீச்சர்

பரலோகத்துக்கு எத்தனையோ பாதைகள் உண்டு என்பார்கள். அதில் குறுக்குப் பாதையைக் கண்டுபிடித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான்: எங்கள் எக்ஸ்பிரஸ் டீச்சர். ஒன்றரை மணி நேர ஆராதனையை ஐம்பத்தைந்து நிமிஷத்தில் முடித்து, சபையாரை வியர்க்க விறுவிறுக்க வெளியே அனுப்பியவர் அவர். குன்னூர்க் குளிரில் ஒரு மனுஷனுக்கு வியர்ப்பது லேசான காரியமா?

அப்போது நான் வெலிங்டனில் ராணுவ ஆபீஸ் ஒன்றில் சிவிலியன் குமாஸ்தா. சீருடை கிடையாது, சல்யூட் கிடையாது, குளிர் மட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் குன்னூருக்கு மேலே, கோத்தகிரி ரோட்டோரம், தேயிலைக்கு நடுவே இருந்த ஒரு சின்னக் கல்கோயிலுக்குப் போவேன். மனைவி காய்ச்சலில் பிழைத்தால் கோயில் கட்டுகிறேன் என்று ஒரு வெள்ளைக்காரத் துரை வேண்டிக்கொண்டாராம். மனைவி பிழைத்துவிட்டார். சொன்ன வாக்குப்படி கோயிலைக் கட்டி முடித்த துரை, அதே மாதம் அதே காய்ச்சலில் போய்விட்டார். கோயிலுக்குப் பின்னால் முதல் கல்லறை அவருடையது.

உள்ளே பெஞ்சு ஓரங்களில் பித்தளைத் தகட்டில் வெள்ளைக்காரக் குடும்பங்களின் பெயர்கள். அவர்கள் எல்லாரும் கப்பலேறி வருஷக்கணக்காகியும் நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் கடைசி ஆறு பெஞ்சுகளில்தான் நெருக்கியடித்து உட்காருவோம். நடுவில் ஏழெட்டுப் பெஞ்சு காலி. அதற்கும் முன்னால், முதல் பெஞ்சில், தன்னந்தனியாக ஒரு துரைசானி. கப்பலேறாமல் தங்கிவிட்ட ஒரே வெள்ளைக்காரி. எண்பது வயசு. தோட்டத்தில் காலையில் கூலியாட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடத்தில் கற்ற தமிழ் என்பதால் அவருக்குக் கட்டளைகள் மட்டும்தான் தெரியும். "வா", "போ", "சும்மா நிக்காதே". குருவானவர் ஐயாவிடமும் அதே மொழிதான். "நல்லா பேசினே. போ."

எங்கள் ஆர்கன், காலால் மிதித்து வாசிக்கும் பழைய பெட்டி. வாசித்துக்கொண்டிருந்தவர் ஆஸ்திரேலியா போனபின் ஒரு வருஷம் ஊமையாகக் கிடந்தது. ஒரு ஞாயிறு முதல் பாட்டை நாங்கள் ஆளுக்கொரு சுருதியில் இழுத்துக்கொண்டிருந்தபோது, கறுப்புக் குடையும் கையுமாக ஒல்லியான ஒரு பெண்மணி விறுவிறுவென்று உள்ளே வந்தார். நாற்பது வயசிருக்கும். யாரையும் கேட்கவில்லை. ஆர்கனைத் திறந்து, உட்கார்ந்து, மிதித்தார். உள்ளேயிருந்து ஓர் எலி குதித்து ஓடியது. பெண்கள் பக்கம் பாதி சபை பெஞ்சு மேல் ஏறிவிட்டது. அவர் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிச்சம் நாலு சரணத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, "அடுத்த பாட்டு என்னங்க?" என்றார்.

சிலோனிலிருந்து வந்தவர், தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று பிறகு தெரிந்தது. மலையெங்கும் சிலோன் பேச்சாக இருந்த காலம் அது. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, யார் இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம் என்று கையெழுத்துப் போட்டுவிட, தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் குடும்பம் குடும்பமாகக் கடல் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள்.

டீச்சரின் வேகத்துக்கு முதல் பலி துரைசானி. நாங்கள் தமிழில் பாடும்போது அதே ராகத்தில் அவர் இங்கிலீஷில் பாடுவார். முன்பெல்லாம் ஒன்றாக முடிப்போம். டீச்சர் வந்தபின் நாங்கள் ஆமென் சொல்லும்போது அவர் மூன்றாம் சரணத்தில் இருப்பார். விட்டுவிடுகிற ஆளா? தனியாகவே முழுப் பாட்டையும் பாடி முடிப்பார். நாங்கள் நின்றபடி காத்திருப்போம். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், துரைசானியைப் பார்ப்பார், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பார்.

அடுத்த பலி ஐயாவின் பிரசங்கம். ஐயா நல்ல மனுஷர். ஆனால் ஒவ்வொரு பிரசங்கத்திலும் "கடைசியாக" என்று மூன்று தடவை சொல்வார். டீச்சர் முதல் "கடைசியாக"வுக்கே ஆர்கனை மிதிக்கத் தொடங்கிவிடுவார். ஐயா குரலை உயர்த்துவார். ஆர்கனும் உயரும். எப்போதும் ஆர்கன்தான் ஜெயிக்கும்.

உச்சகட்டம், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு நடந்த ஒரு ரிட்டயர்டு ஹவில்தாரின் அடக்கம். கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குச் சரிவான இறக்கம். டீச்சர் முன்னால் பாடிக்கொண்டே நடக்க, பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் பட்டாள ஆட்கள், பாட்டுக்குக் கால் போட்டே பழகியவர்கள். பாட்டு வேகமாக, நடையும் வேகமாகி, இறக்கத்தில் ஓட்டமாகவே ஆகிவிட்டது. மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்த ஹவில்தாரின் மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"ஏனுங்க, எங்கப்பன் உசுரோட இருக்கறப்பக்கூட இத்தன வேகமா போனதில்லீங்க!"

மறுவாரமே சபைக் கமிட்டி கூடியது. டீச்சரிடம் யார் சொல்வது? பூனைக்கு மணி கட்டும் வேலை, பாடகர் குழுவில் டெனர் என்கிற உச்ச ஆண்குரல் பாடும் என் தலையில் விழுந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போய் நின்றேன்.

"டீச்சர், கமிட்டியில என்ன சொல்றாங்கன்னா..."

"நடந்துகிட்டே சொல்லுங்க தம்பி. பத்து முப்பத்தஞ்சு பஸ்."

நடந்தேன். ஓடினேன். பஸ்ஸிலும் ஏறிவிட்டேன். சொல்ல வந்தது வாய்க்குள்ளேயே இருந்தது. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது ஒரு லாரி வந்து நின்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்த லாரி. மேலே தகரப் பெட்டிகள், பாய்ச் சுருட்டுகள், அம்மி, முருகன் படம். நடுவில் குளிரில் வெடவெடத்துக்கொண்டு நாற்பது ஐம்பது பேர். டீச்சர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார்.

"எந்தத் தோட்டம்? பதுளைப் பக்கமா, அட்டன் பக்கமா? லயத்துல யாரு கங்காணி? மரகதம்னு ஒரு பொம்பளை, முகவாய்க்கட்டையில மச்சம், கண்டீங்களா?"

யாரும் கண்டிருக்கவில்லை. ஒரு நொடி டீச்சரின் முகம் வாடியது. ஒரே நொடிதான். அடுத்த நொடி ஒரு கைக்குழந்தையைத் தன் சால்வையில் சுற்றிக்கொண்டிருந்தார். "இங்க அத பாண்னு கேட்டா யாருக்கும் விளங்காது, ரொட்டின்னு கேக்கணும். தம்பி, சும்மா நிக்கிறீங்களே, அந்தப் பெட்டியப் புடிங்க!"

மரகதம் அவர் தங்கச்சி. இந்தியா வருவதற்கான அரசாங்கக் கடதாசி டீச்சருக்கு முதலில் வந்துவிட்டது. தங்கச்சியும் புருஷனும் பிறகு வருவதாகப் பேச்சு. மூன்று வருஷம் ஆகிவிட்டது. தொடக்கத்தில் தங்கச்சியிடமிருந்து கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில்தான் லாரி குன்னூரைத் தாண்டும். அதற்குள் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். அதற்குத்தான் எங்கள் பாட்டெல்லாம் அந்த ஓட்டம் ஓடியது.

கமிட்டிக்கு நான் அறிக்கை கொடுத்தேன். மெதுவாக வாசியுங்கள் என்று அதன்பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை, துரைசானி தவிர. அவருக்கு ஐயா விஷயத்தைச் சொன்னதும், நேரே ஆர்கனுக்குப் போய்க் கைத்தடியால் அதை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏய் டீச்சர்! நீ மெதுவா வாசி. என் கார்ல வா. கார் பஸ்ஸவிட ஸ்பீடு."

டீச்சர் ஒப்புக்கொண்டார். ராஜ்ஜியங்களின் ஒப்பந்தம் எப்படியோ, எங்கள் கோயில் ஒப்பந்தத்தில் சம்பந்தப்பட்ட இருவரையும் கேட்டுத்தான் எல்லாம் நடந்தது.

அடுத்த ஞாயிறு நிதானமாகப் பாடினோம். துரைசானி எங்களோடு சேர்ந்து ஆமென் சொல்லிவிட்டு வெற்றியோடு திரும்பிப் பார்த்தார். ஐயா மூன்று "கடைசியாக"வையும் ஆசை தீரச் சொன்னார். வெளியே வந்து துரைசானியும் டீச்சரும் காரில் ஏறினால், கார் கிளம்பவில்லை.

அங்கி போட்டிருந்த ஐயாவும் நானும் பாடகர் குழுவும் தள்ளினோம். கிளம்பியது. இரண்டு வளைவு தாண்டி மறுபடி நின்றது. டீச்சர் கதவைத் திறந்து இறங்கி, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடவே ஆரம்பித்துவிட்டார். நாங்கள் தள்ளிக்கொண்டே பின்னால் போனோம். ஒருவழியாகக் கார் உயிர் பெற்று, ஐயாவும் நானும் தொற்றிக்கொள்ள, டீச்சரையும் பிடித்து ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது மணி பதினொன்றரை.

டீக்கடைக்காரர் கையில் கண்ணாடி டம்ளரோடு ஓடி வந்தார். "ஏனுங்க டீச்சரம்மா, இன்னிக்குப் பார்த்து எங்கீங்க போனீங்க? லாரி வந்துட்டு இப்பத்தான் போச்சுங்க. ஒரு அம்மா கவர் ஒண்ணக் காட்டி இந்த டீச்சர் ஊடு எங்கன்னு கேட்டுச்சுங்க. அதுல பழைய விலாசமுங்க. நீங்க வருவீங்க, நில்லும்மான்னு சொல்றதுக்குள்ள டிரைவர் ஆரன் அடிச்சுட்டானுங்க."

"மச்சம் இருந்துச்சா?" டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் பாக்கலீங்க. கூடலூர்ப் பக்கம் போற லாரிங்க."

டீச்சர் அப்படியே நடைமேடையில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது, ஆர்கனைத் தவிர, அதுதான் முதல் தடவை. துரைசானிதான் ஹாரனை அழுத்தினார்.

"சும்மா உக்காராதே! ஏறு! ஐயா, நீயும் ஏறு!"

ஊட்டி ரோட்டில் அன்று நாங்கள் போன போக்கை நான் விவரிக்கப் போவதில்லை. துரைசானிக்கு பிரேக் என்ற உறுப்பில் நம்பிக்கை கிடையாது. வெலிங்டனைத் தாண்டியபோது ஐயா சத்தமாக ஜெபம் பண்ண ஆரம்பித்தார். அந்த ஜெபத்தில் ஒரு "கடைசியாக"கூட இல்லை. அடுத்த மேட்டில் லாரி தெரிந்தது. எத்தனை ஹாரன் அடித்தும் நிற்கவில்லை. உடனே ஐயா ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே வந்து இரண்டு கையையும் ஆட்டினார். மூடுபனிக்குள் வெள்ளை அங்கி காற்றில் படபடக்க ஓர் உருவம் பறந்து வருவதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர், லாரியை ஓரங்கட்டி நிறுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

லாரியின் பின்பலகையில், வளைவுகள் தந்த வாந்தி மயக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். முகவாயில் மச்சம்.

மூன்று வருஷம் காத்திருந்த அக்காவும் தங்கச்சியும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நாங்கள் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டோம்.

"ஏன்டி கடிதம் போடல?" என்று கத்தினார் டீச்சர்.

"நானா போடல? மாசத்துக்கு ஒண்ணு போட்டேன்! நீதான் ஒரு எடத்துல இருக்க மாட்டேங்குறியே. நீ எழுதுன விலாசத்துக்குப் போட்டா, அது வந்து சேர்றதுக்குள்ள நீ அடுத்த ரூமுக்குப் போயிர்ற. எத்தன ரூம்டி மாத்துவ?"

டீச்சர் விரல் விட்டு எண்ணினார். "ஆறு," என்றார் சின்னக் குரலில். பிறகுதான் அழுதார். லாரிக்கு மேலே ஏறிப்போய், வாந்தி எடுத்த தங்கச்சியின் வாயைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, அவளை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். லாரியில் இருந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள். துரைசானி ரோட்டோரத் தேயிலைச் செடியையே வெறித்துப் பார்த்தபடி, "கவாத்து சரியில்லை, கவாத்து சரியில்லை" என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

மரகதமும் புருஷனும் கூடலூர்ப் பக்கம் தோட்டத்தில் குடியேறினார்கள். இனிமேல் டீச்சர் அவசரப்பட மாட்டார் என்று சபையே எதிர்பார்த்தது. மறு ஞாயிறு முதல் பாட்டிலேயே எங்களுக்கு நாக்குத் தள்ளியது. நான் போய்க் கேட்டேன்.

"டீச்சர், தங்கச்சிதான் வந்துட்டாங்களே?"

"அவ வந்துட்டா. லொறி இன்னும் வருதுல்ல? பேசாம வாங்க தம்பி, பஸ்ஸு போயிரும்."

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குப் பீடத்தின் முன் குவித்த கேரட், கோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சூடான குழம்பானது. அதைக் கிளறியவர் ஐயா. "சும்மா நிக்காதே, ஊத்து" என்று அகப்பையோடு அதிகாரம் பண்ணியவர் துரைசானி. லாரியில் வந்தவர்கள், வெள்ளைக்காரி இன்னும் போகவில்லை போலிருக்கிறது, நாம் தப்பான ஊருக்கு வந்துவிட்டோமோ என்று பயந்துபோனார்கள்.

கொஞ்ச நாளில் எனக்கு ஜபல்பூருக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப டீச்சர் வந்தார். என் பெட்டியைப் பிடுங்கி பஸ் மேலே ஏற்றச் சொல்லிவிட்டு, "அந்த ஊர்ல உங்களுக்கு யாரு இருக்காங்க?" என்றார்.

"யாரும் இல்லீங்க டீச்சர்."

"ம்," என்றார். பஸ் நகரும் முன்பே திரும்பி நடந்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இத்தனை பேருக்கு நின்றவர், எனக்காக ஒரு நிமிஷம் நின்றால் குறைந்தா போய்விடும்?

மூன்று நாள் ரயில். பாஷை தெரியாத ஊர். ஜபல்பூர் பிளாட்பாரத்தில் பெட்டியும் படுக்கையுமாக இறங்கி விழித்துக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வேகமாக வந்தார்.

"டெனர் பாடுற தம்பி நீங்கதானா? நான் இங்க ரயில்வேல வேலை பாக்குறேன். குன்னூர்லேர்ந்து ஒரு டீச்சர் எங்க சபைக்குத் தந்தி அடிச்சிருந்தாங்க. வாங்க, வீட்டுல சோறு ஆறுது."

அன்றிலிருந்து எந்த ஊரில் போய் இறங்கினாலும், எனக்காக யாராவது நிற்கிறார்களா என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குகிறேன்.