குங்குமிக்கு வைத்த மை

ஒரு காட்டில் ஓர் இ-சேவை மையம் இருந்தது. சர்வர்தான் பெரும்பாலும் இருக்காது. காத்திருக்கிற மிருகங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று, மையத்தை நடத்திய கரடி ராக்காயி ஒரு மீன்தொட்டி வாங்கி வைத்தாள். பளிச்சென்று தெரியட்டும் என்று முன்பக்கம் தவிர மற்ற பக்கமெல்லாம் வெள்ளைத் தாள் ஒட்டினாள்.

தொட்டியில் இருந்தவர்கள் தங்கமீன் செங்கமலமும் அவள் மகள் குங்குமியும். வந்த புதிதில் குங்குமி பேருக்கேற்ற சிவப்பு. போகப் போகச் சாயம் போன சேலை மாதிரி வெளுத்துவிட்டாள். தீனி போட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. மூலையில் ஒண்டிக்கொண்டே கிடந்தாள். செங்கமலம் ராக்காயியிடம் முறையிட்டாள்.

ராக்காயி டாக்டரை வரவழைத்தாள். அந்தக் காட்டில் மீனைப் பற்றித் தெரிந்த ஒரே டாக்டர் கொக்குதான். செங்கமலம் மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். டாக்டர் எச்சிலை விழுங்கிவிட்டு, பிள்ளைக்கு நோய் ஒன்றுமில்லை, சுற்றிலும் வெள்ளையாக இருப்பதால் ஒளிய இடமில்லை என்ற பயம்தான், பின்னால் கருப்பு பெயிண்ட் அடித்தால் நிறம் திரும்பிவிடும் என்று சொல்லிப் போனார்.

"இருட்டாக்கிட்டு அள்ளிட்டுப் போகலாம்னு பார்க்கிறார் அக்கா," என்றாள் செங்கமலம். "இது கண்ணு பட்டது. வரிசையில நிக்கிற அத்தனை பேரும் என் பிள்ளையைத்தானே பார்க்கிறாங்க? சர்வர் வராத கடுப்பெல்லாம் இவ மேலதான் இறங்குது. கன்னத்துல ஒரு மை வச்சா சரியாப்போயிடும்."

ராக்காயியும் நாலு பெற்றவள். மை டப்பாவோடு வந்தாள். கன்னத்தில் வைத்தது தண்ணீரில் கரைந்து போயிற்று. சரியென்று ஒட்டிய தாளையெல்லாம் கிழித்துவிட்டு, குங்குமியின் கன்னத்துக்கு நேராகக் கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தாள். கரடி விரலைக் கண்டு குங்குமி அடுத்த மூலைக்கு ஓடினாள். அங்கே ஒரு பொட்டு. அங்கிருந்தும் ஓடினாள். பொட்டு ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று துரத்தித் துரத்தி, மையத்தைப் பூட்டுவதற்குள் மூன்று பக்கமும் அட்டைக்கரி.

கொஞ்ச நாளில் குங்குமி மூலையை விட்டு வந்தாள். தீனிக்கு அம்மாவையே முட்டித் தள்ளினாள். கருப்புக்கு முன்னால் அவள் சிவப்பு தகதகவென்று மின்னியது. சர்வர் வந்த பிறகும் வரிசை கலையவில்லை.

கொக்கு டாக்டர் எட்டிப் பார்த்தார். "நான் சொன்ன கருப்புதானே இது?"

"நீங்க சொன்னது பெயிண்ட், டாக்டர். இது மை," என்றாள் செங்கமலம்.

டாக்டர் கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மை எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். "என் குஞ்சு சரியாச் சாப்பிட மாட்டேங்குது."

"என்ன கொடுக்கிறீங்க?"

டாக்டர் மேலே விட்டத்தைப் பார்த்தார்.

நீதி: டாக்டர் சொன்னதையே செய்யுங்கள், ஆனால் வேறு காரணத்துக்காகச் செய்யுங்கள். பிள்ளையும் தேறும், நம் பேச்சும் ஜெயிக்கும்.