கம்பியில் போன சர்க்கரை

"இனிமே என் ரத்தம் டெலிபோன் கம்பியில போகாது!" என்று ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் பிரகடனம் செய்தார்.

விஷயம் இதுதான். அவருக்குச் சர்க்கரை வியாதி. வேலையோ பிஸ்கட் கம்பெனியில் சூப்பர்வைசர். உடைந்த பிஸ்கட்டை எண்ணி ஒதுக்க வேண்டியவர், எண்ணாமல் ஒதுக்குகிறார், வாய்க்குள். அதனால் டாக்டர் ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தார். காலையில் விரலைக் குத்தி ஒரு சொட்டு வைத்தால், அது டெலிபோன் வழியாகக் கீச்கீச்சென்று கத்தி, அளவை ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடும். அளவு ஏறினால் டாக்டர் எனக்குப் போன் செய்வார். நான் இவர் சட்டைப் பையைச் சோதனை போடுவேன். தூள் கொட்டும்.

"ஏங்க, பெட்டி என்ன பண்ணிச்சு?"

"பெட்டி ஒண்ணும் பண்ணல. கம்பியில போறதை நடுவுல எவனாவது ஒட்டுக்கேட்கலாம், தெரியுமா?"

"கேட்டு?"

"என் சர்க்கரை எவ்வளவுன்னு தெரிஞ்சுக்குவான்."

"தெரிஞ்சு?"

"போட்டிக் கம்பெனிக்கு வித்துடுவான். 'அந்த பிஸ்கட்டைச் செய்றவனுக்கே சர்க்கரை'ன்னு அவனுங்க ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பானுங்க. அப்புறம் என் வேலை? நம்ம சோறு?"

வேறொருத்தியாக இருந்தால் சிரித்திருப்பாள். நான் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவள். சர்க்கரை கிடக்கட்டும். நாத்தனாரைப் பற்றி அக்காவிடம் நான் பேசியதெல்லாம் அதே கம்பியில்தானே போனது!

பெட்டியைப் பிடுங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அன்று மாலை சட்டைப் பை புடைத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையில் அவரை உலுக்கி எழுப்பினேன்.

"செருப்பை மாட்டுங்க."

"எங்கடி?"

"ஆஸ்பத்திரிக்கு. கம்பியில போனாத்தானே திருடுவான்? ரத்தத்தை நாமளே கொண்டுபோய்க் குடுத்துடலாம்."

"அவ்வளவு தூரமா? பஸ்ல போவோம்."

"பக்கத்து சீட்டுக்காரன் யாருன்னு நமக்குத் தெரியுமா?"

"டாக்ஸி?"

"டிரைவருக்குக் காது இல்லையா?"

நடந்தோம். தினமும் நடந்தோம். டாக்டர் தினமும் நேரிலேயே திட்டினார். இவருக்குக் கால் வீங்கியது, இடுப்பு இளைத்தது. கடைசியில் ஒருநாள் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒருத்தனும் ஒட்டுக்கேட்கலடி! பிஸ்கட் திங்கறதுக்காக நான் விட்ட புளுகு. உன் காலைப் பிடிக்கிறேன், பெட்டியை எடு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்:

"இப்படிச் சொல்லச் சொல்லி உங்களை யாருங்க மிரட்டுறா?"

தலையில் அடித்துக்கொண்டார். எழுந்து விறுவிறுவென்று டாக்டரிடம் போய், "நீங்களாவது இவளுக்குச் சொல்லுங்க சார்" என்று அழாத குறையாகக் கெஞ்சினார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "முடியுமான்னா முடியும்மா. கம்பத்துல ஏறி, கம்பியோட கம்பி கோத்தா கேட்கலாம்தான். ஆனா மெனக்கெட்டு உங்க வீட்டுக்காரர் சர்க்கரையை எவன் திருடப் போறான்? தைரியமா போன்லயே அனுப்புங்க."

இவர் முகம் மலர்ந்தது. "கேட்டியா?"

கேட்டேன். வெளியே வந்ததும் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"எதுல ஏறணும், எதோட எதைக் கோக்கணும்னு இந்த மனுஷனுக்கு எப்படிங்க தெரியும்? நாளையிலேர்ந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற டாக்டரம்மாகிட்ட நடந்து போயிடலாம்."