பிள்ளையைப் பாரம் கொடுத்த நாள்

ரெய்னர்ஸ் லேன்,
சனிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய அண்ணைக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். எனக்கு மட்டும் பிரஷர். லண்டனின் அந்தப் பக்கம் எட்மண்டனில் உங்களுக்கும் அண்ணிக்கும் முழங்கால் உட்படச் சகலமும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று யோசிக்காதேயுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது குடும்பக் குறூப்பில் போய் விழும், பிறகு கனடா வரை விளக்கம் சொல்ல வேண்டும்.

விசயம் இதுதான். உங்கள் பெறாமகள் ஹம்சாவுக்குக் கடற்பாசியில் பிஎச்டி செய்ய இரண்டு இடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று லண்டனில், வீட்டிலிருந்து ரெயினில் நாற்பது நிமிடம். மற்றது ஸ்கொட்லாந்தில், அபர்டீனில், அங்கே போனால் பிள்ளையை வருசத்தில் இரண்டு தரம் பார்க்கலாம், அதுவும் பனி விட்டால். வரும் வெள்ளிக்குள் ஒன்றுக்கு ஓம் சொல்ல வேண்டும். நான் லண்டன்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். இருபத்துநாலு வயதுப் பிள்ளைக்குத் தகப்பன் எடுத்த முடிவு போதாதாம்.

நேற்று லண்டன் யூனிவர்சிற்றியில், இடம் கிடைத்த பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டும் நாள். பிள்ளைக்கு அழைப்பென்றால் வீட்டுக்கும் அழைப்பு என்றுதானே எங்கள் பழக்கம், நானும் லீவு போட்டு, கோட்டும் போட்டு, நேர்சரியில் நீந்தி எடுத்தது முதல் தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டி மூன்றாம் பரிசு வரை அவளுடைய சேர்ட்டிபிக்கேற் எல்லாவற்றையும் ஒரு பைலில் அடுக்கி, என் மனுசி நீலா சுற்றித் தந்த நாற்பது மீன் றோல்ஸையும் தூக்கிக்கொண்டு போனால், அங்கே பன்னிரண்டு பிள்ளைகள், ஒன்றுக்கும் தாய் தகப்பன் இல்லை, அவ்வளவு பேரும் அநாதைகள் போலும். பெற்றோருக்கென்று அட்டை அடிக்கவில்லையாம். எனக்கும் மாணவர் அட்டையையே மாட்டிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற பெடியன் என்னுடைய ஆராய்ச்சி என்னவென்று கேட்டான். ஹம்சாதான் என்றேன்.

அவளுக்கு மேற்பார்வை செய்யப்போகிற பேராசிரியை வந்து, உங்கள் மகளின் கட்டுரை அருமை, அவர் எங்களைத் தெரிவு செய்தால் எங்களுக்குப் பெருமை என்றார். சபையில் வைத்துப் பிள்ளையைப் புகழ்ந்தால் ஓம் ஓம் என்று பல்லைக் காட்டுவதா? கண்ணூறு படாமல், இவள் சரியான சோம்பேறி, பத்து மணிக்கு முன்னர் எழும்பமாட்டாள், குடித்த கோப்பை கழுவமாட்டாள் என்று அடக்கமாகச் சொன்னேன். "இனி இவள் உங்கடை பிள்ளை. பேசுங்கோ, கண்டியுங்கோ, ஏனெண்டு நான் கேட்கமாட்டன்" என்பதை அப்படியே இங்கிலீசில் சொல்லிப் பாரம் கொடுத்தேன். நேர்சரி ரீச்சரில் தொடங்கி எல்லோருக்கும் சொன்னதுதான். பேராசிரியை என்னையும் ஹம்சாவையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு மரியாதையை இந்த நாட்டில் எங்கே கண்டிருப்பார், பாவம். முன்னேற்றம் விசாரிக்க அவருடைய மொபைல் நம்பர் கேட்டேன். ரிசெப்ஷன் நம்பரைத் தந்தார். ஹம்சா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றாள். இடம் பிடித்துவிட்டது போலிருக்கிறது.

ஆகவே காரியம் முக்கால்வாசி முடிந்தது. புதன்கிழமை நீங்கள் அவளுக்கு ஒரு போன் கோல் எடுத்து, லண்டன்தான் நல்லது, தகப்பன் கஷ்டப்பட்டு அங்கே எல்லோரையும் பழக்கம் பிடித்து வைத்திருக்கிறான் என்று சொல்லுங்கள். பெரியப்பா சொன்னால் கேட்பாள். எனக்கு அவள் வீட்டில் இருக்க வேண்டும், அண்ணை. வேறு காரணம் ஒன்றுமில்லை.

அண்ணிக்கு எங்கள் அன்பு, உங்கள் பிள்ளைகளுக்கு, அவர்கள் கேட்காவிட்டாலும், என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத தம்பி,
கல்யாணசுந்தரம்

பி.கு.: நான் உறை தேடிப் போன நேரம் ஹம்சா இதை வாசித்துவிட்டாள். "அப்பா, நான் லண்டனுக்குத்தான் ஓம் எண்டு சொல்ல இருந்தனான். நேற்று வீட்டை வந்த உடனை அபர்டீனுக்குச் சொல்லிப்போட்டன்" என்றாள். இருபத்துநாலு வருசத்தில் நான் ஓரிடத்திலும் அவளைக் கெட்டிக்காரி என்று சொன்னதில்லையாம். ஆகவே புதன்கிழமை கோல் வேண்டாம். ஆனால் உங்களுக்கு எழுதுகிறேன், அண்ணை: அவள் சரியான கெட்டிக்காரி. நான் சொன்னதாக அவளுக்குச் சொல்லிவிடாதேயுங்கள்.